ஏ.எஃப்.எல். ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்: 2018-ஐ இனிமேல் பதிலாகச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஏ.எஃப்.எல். ஆணைய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பெர்த்தில் வசிக்கும் தமிழன். ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்) போட்டியில் ஆடும் எங்கள் ஊர் அணியான வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸின் ரசிகன். ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் ஊரில் ஒரு கேள்வி எழும். எந்த இரண்டு அணிகள் தகுதி பெற்றாலும், கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனல் ஏன் மெல்பர்னில், அதுவும் எம்.சி.ஜி. (மெல்பர்ன் கிரிக்கெட் கிரவுண்ட்) மைதானத்தில்தான் நடக்க வேண்டும்? கேட்டவுடன் மெல்பர்ன் நண்பர்களிடமிருந்து பதில் வந்துவிடும்: "2018-இல் நீங்கள் இங்கே வந்து ஜெயித்தீர்களே, அப்புறம் என்ன குறை?" இந்தப் பதிலை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல். அந்த வெற்றி எங்களுக்கு எவ்வளவு பெரியதோ, அதை இப்படிப் பயன்படுத்துவது அவ்வளவு தவறு.

தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே என்னோடு உட்கார்ந்து ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) பார்ப்பவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். அவர்களும் படிக்க வேண்டும். ஆட்டம் தெரியாத சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களையும் இடையிடையே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் நடந்தது என்ன என்று முழுசாக நினைவுபடுத்திக்கொண்டால்தான் அதை எதற்குச் சான்றாகக் காட்டலாம், எதற்குக் காட்டக் கூடாது என்பது விளங்கும்.

2018 செப்டம்பர் 29. மைதானத்தில் 1,00,022 பேர். எதிரணி காலிங்வுட். எம்.சி.ஜி.தான் அவர்களுடைய சொந்த மைதானம். பருவம் முழுக்க அங்கேதான் ஆடுகிறார்கள், அதை ஒட்டிய வளாகத்தில்தான் பயிற்சி செய்கிறார்கள். நாட்டிலேயே மிகப் பெரிய ரசிகர் கூட்டங்களில் ஒன்று அவர்களுடையது. எங்கள் அணி அந்த வாரம் கண்டத்தின் மறுகோடியிலிருந்து, சுமார் 2,700 கிலோமீட்டர் பறந்து, கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருந்தது.

வந்தவர்களும் முழு அணியாக வரவில்லை. நடுவில் எம்பிப் பந்தைத் தட்டிக் கொடுக்கும் நிக் நைட்டனூயி ஜூலையில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியே போயிருந்தார். அது நடந்ததும் இதே எம்.சி.ஜி.யில், இதே காலிங்வுட்டுக்கு எதிரான ஆட்டத்தில்தான். ஆண்ட்ரூ காஃப் எட்டு ஆட்டத் தடையில் இருந்தார். எங்கள் ஊரின் இன்னொரு அணியான ஃப்ரீமேன்டிலின் இளம் வீரர் ஒருவரின் தாடை உடையும்படி குத்தியதற்கான தண்டனை அது. அந்தத் தண்டனை சரியானது என்றே நான் நினைக்கிறேன். தற்காப்பு வீரர் பிராட் ஷெப்பர்ட், பட்டியலின் மேல் அணிகள் பருவ முடிவில் ஆடும் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் பின்தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டிருந்தார். களத்தில் இறங்கிய ஜெரமி மக்கவர்னும் முந்தைய ஆட்டத்தில் விலாவில் அடிபட்டு, அந்த வாரத்தில் மருத்துவமனையில் கிடந்தவர்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஐந்து கோல்களும் காலிங்வுட் அடித்தவை.

தெரியாதவர்களுக்காக: நடுவில் இருக்கும் இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி. கொஞ்சம் விலகி, பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்கு உள்ளே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஒரு பக்கத்துக்கு 18 பேர், நான்கு குவார்ட்டர். உதைபட்டு வரும் பந்தை 15 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், தரையில் படாமல், வேறு யார் கையும் படாமல் பிடித்தால் அது மார்க். மார்க் பிடித்தவரை யாரும் நெருங்கக் கூடாது. நிதானமாக நின்று உதைக்கலாம். இந்த மார்க்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் பேர் கூச்சலுக்கு நடுவே ஐந்து கோல் வாங்கிய வெளியூர் அணி நொறுங்கிப்போவதுதான் வழக்கம். இவர்கள் நொறுங்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு கோலாக, எட்டிப்பிடித்தார்கள். லூக் ஷூயி அன்று ஆடியதை இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே போனது. கடைசிக் குவார்ட்டரில் காலிங்வுட் மறுபடி முன்னே போனது. ஜாக் டார்லிங் கோலுக்கு நேரே வந்த எளிதான பந்தைக் கைநழுவ விட்டார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்போது யாரும் பேசவில்லை.

முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக அது நடந்தது. தற்காப்புப் பகுதியில் மக்கவர்ன், அந்த விலாவோடு, காலிங்வுட் உதைத்த பந்தைக் குறுக்கே பாய்ந்து மார்க் பிடித்தார். அவர் உதைத்ததை நேதன் வார்டி மார்க் பிடித்தார். வார்டி உதைத்ததை லியம் ரயன் மார்க் பிடித்தார். அவருக்கு அதுதான் ஏ.எஃப்.எல்.-இல் முதல் வருடம். ரயன் உதைத்ததை டொம் ஷீட் எல்லைக் கோட்டை ஒட்டி மார்க் பிடித்தார். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பந்து தரையைத் தொடவே இல்லை. ஷீட், தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லியிலிருந்து வந்த பையன். காஃப் ஆடியிருந்தால் அவருக்கு நடுக்களத்தில் அந்த இடமே கிடைத்திருக்காது என்று பலர் சொல்வார்கள். அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டு கம்பங்களும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் தெரியும். எதிரே காலிங்வுட் ரசிகர்கள் கையை ஆட்டிக் கத்துகிறார்கள். ஷீட் இடது காலால் உதைத்தார். பந்து நேராக நடுவில் போனது.

வெஸ்ட் கோஸ்ட் 11 கோல் 13 பிஹைண்ட், 79 புள்ளி. காலிங்வுட் 11 கோல் 8 பிஹைண்ட், 74 புள்ளி. இரு பக்கமும் கோல் சமம். கோல் ஆகாமல் விலகிப்போன உதைகள்தான் கோப்பையைத் தீர்மானித்தன. 1992, 1994, 2006-க்குப் பிறகு எங்கள் கிளப்புக்கு நான்காவது கோப்பை.

ஆணைய உறுப்பினர்களே, வெளியூரில் போய் வென்ற ஆட்டங்களில் இதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஒன்றைக் கேட்கிறேன். ஷீட் உதைத்த அந்தப் பந்து கொஞ்சம் விலகிக் கம்பத்தில் பட்டிருந்தால், இன்று நாம் என்ன பேசிக்கொண்டிருப்போம்?

2014-இலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் சிட்னி ஸ்வான்ஸ் புள்ளிப் பட்டியலில் முதலிடம், ஹாதார்ன் இரண்டாமிடம். கிராண்ட் ஃபைனல் ஹாதார்னின் சொந்த மைதானமான எம்.சி.ஜி.யில். ஹாதார்ன் 63 புள்ளியில் வென்றது. 2015-இல் நாங்கள் இரண்டாமிடம், ஹாதார்ன் மூன்றாமிடம். எம்.சி.ஜி.யில் ஹாதார்ன் 46 புள்ளியில் வென்றது. 2016-இல் சிட்னி மறுபடி முதலிடம். எதிரே ஏழாமிடத்திலிருந்து வந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ். எம்.சி.ஜி. அவர்கள் வழக்கமாக ஆடும் மைதானம் இல்லைதான், ஆனால் ஊர் அவர்களுடைய ஊர். புல்டாக்ஸ் 22 புள்ளியில் வென்றது. 2017-இல் அடிலெய்ட் முதலிடம், ரிச்மண்ட் மூன்றாமிடம். ரிச்மண்டின் சொந்த மைதானம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. ரிச்மண்ட் 48 புள்ளியில் வென்றது. 2018-இல் நாங்கள் இரண்டாமிடம், காலிங்வுட் மூன்றாமிடம்.

ஐந்து வருடம் தொடர்ச்சியாக, பட்டியலில் மேலே முடித்த அணி, மெல்பர்ன் இருக்கும் மாநிலமான விக்டோரியாவுக்கு வெளியே இருந்து வந்த அணி. ஐந்து வருடமும் கீழே முடித்த அணி தன் ஊரிலேயே ஆடியது. அதில் நான்கில் ஊர்க்காரர்கள் வென்றார்கள். ஐந்தாவதும் ஒரே ஓர் உதையில் தப்பியது. அந்த ஒன்றைத்தான் நீங்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக் காட்டுகிறீர்கள்.

இந்தப் போட்டியில் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய இறுதிச்சுற்று ஆட்டங்களில் பெரும்பாலும் மேலே முடித்த அணிக்குச் சொந்த மைதானம் உண்டு. அது நீங்கள் வகுத்த விதிதான். 23 ஆட்டம் ஆடி அந்த இடத்தைச் சம்பாதிக்கிறார்கள். 2018 இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் இதே காலிங்வுட் பெர்த்துக்கு வந்து 16 புள்ளியில் தோற்றது, ஏனென்றால் நாங்கள் மேலே இருந்தோம். அடுத்து மெல்பர்ன் அணி வந்து 66 புள்ளியில் தோற்றது. முதல் பாதி முழுக்க அவர்களால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. இப்படி இரண்டு படி வரை செல்லுபடியான உரிமை, மிகப் பெரிய மூன்றாவது படியில் மட்டும் செல்லாமல் போவதற்கு ஆட்டம் சார்ந்த காரணம் ஏதாவது உண்டா? நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

"மைதானம் மைதானம்தானே, புல்லும் நான்கு கம்பங்களும்தானே" என்று சிலர் சொல்வார்கள். சாக்கரில் அப்படிச் சொல்லலாம். நம் விளையாட்டில் முடியாது. இதில் மைதானத்துக்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது, ஒவ்வொன்றும் ஒரு வடிவம். எம்.சி.ஜி. ஆடுகளம் சுமார் 160 மீட்டர் நீளம், 141 மீட்டர் அகலம். எங்கள் பழைய சுபியாகோ மைதானம் 175 மீட்டர் நீளம், 122 மீட்டர் அகலம். அகலத்தில் மட்டும் ஏறக்குறைய 20 மீட்டர் வித்தியாசம்.

2015-இல் எங்கள் தற்காப்பு ஆட்டத்துக்கு "வலை" என்று பெயரே வந்திருந்தது. உயரமான தற்காப்பு வீரர்கள் இருவர் காயத்தால் இல்லாத நிலையில் பயிற்சியாளர் ஆடம் சிம்சன் அமைத்த ஏற்பாடு அது. எதிரணி எங்கே உதைத்தாலும் அங்கே எங்கள் ஆட்கள் குறுக்கே வந்து நிற்பார்கள். குறுகலான சுபியாகோவில் அது பிரமாதமாக வேலை செய்தது. இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் ஹாதார்ன் அங்கே வந்து 32 புள்ளியில் தோற்றது. மூன்றே வாரத்தில் அதே ஹாதார்ன், அகலமான எம்.சி.ஜி.யில் பந்தை ஓரத்துக்கும் ஓரத்துக்கும் மாற்றி மாற்றி உதைத்து அந்த வலையை விரித்துப் பிய்த்துவிட்டது. இருவருக்குமான வித்தியாசம் 32 புள்ளியிலிருந்து தலைகீழாகி 46 புள்ளியானது. ஹாதார்ன் அந்தக் காலத்தின் தலைசிறந்த அணி, தொடர்ந்து மூன்று கோப்பை வென்றவர்கள். நடுவில் பெர்த்துக்குத் திரும்பி வந்து, பட்டியலில் முதலிடம் பிடித்த ஃப்ரீமேன்டிலை 27 புள்ளியில் வீழ்த்திவிட்டுத்தான் கிராண்ட் ஃபைனலுக்கே போனார்கள். அதுவும் வெளியூர் வெற்றிதான், அதற்கும் நான் தலை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் இரண்டு முறை எங்கள் ஊருக்கு வர வேண்டியிருந்ததற்குக் காரணம் அவர்கள் மூன்றாமிடத்தில் முடித்ததுதான். கிராண்ட் ஃபைனலிலும் அதே கணக்கு ஓடியிருந்தால் மூன்றாவது முறையும் வந்திருப்பார்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வெளி மாநில அணிகள் எம்.சி.ஜி.யில் நிறையவே வென்றிருக்கின்றன. 1992-இல் ஜீலாங்கை 28 புள்ளியில் வென்று முதன்முதலாகக் கோப்பையை விக்டோரியாவுக்கு வெளியே கொண்டுபோனது நாங்கள்தான். பீட்டர் மடேரா அன்று அடித்த ஐந்து கோல்களைப் பற்றி இங்கே பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அடிலெய்ட் 1997-லும் 1998-லும் வென்றது. பிரிஸ்பேன் 2001-இலிருந்து தொடர்ந்து மூன்று வென்றது. 2012-இல் சிட்னி, 2024-லும் 2025-லும் மறுபடி பிரிஸ்பேன். இதெல்லாம் உண்மை. மெல்பர்ன் அணிகள் எங்கள் ஊருக்கு வரும்போது எங்கள் கூட்டத்தின் சத்தம் நடுவர்களின் விசிலை எங்கள் பக்கம் இழுக்கிறது என்று அவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருவதும் எனக்குத் தெரியும். அதில் உண்மை இருக்கலாம். இருந்தால், எம்.சி.ஜி.யில் ஒரு லட்சம் பேர் போடும் சத்தத்துக்கும் அதே விளைவு இருக்குமல்லவா?

நல்ல அணி எங்கேயும் வெல்லும். 2013-இல் ஃப்ரீமேன்டில், எதிரணிகள் வெல்லவே திணறும் ஜீலாங்கின் சொந்த மைதானத்துக்கு இறுதிச்சுற்றில் போய் 15 புள்ளியில் வென்றது. மேற்கு ஆஸ்திரேலிய ஃபுட்டி வரலாற்றில் 2018-க்கு அடுத்து வைக்க வேண்டிய வெளியூர் வெற்றி அது என்பது என் கருத்து. ஊதா நிறச் சட்டைக்காரர்கள் எங்களுக்கு உள்ளூர் எதிரிகள், இருந்தாலும் சொல்கிறேன். அந்த ஆட்டத்தை யாரும் அநியாயம் என்று சொல்ல முடியாது. ஜீலாங் பட்டியலில் இரண்டாமிடம், ஃப்ரீமேன்டில் மூன்றாமிடம். மேலே முடித்தவர்களுக்கு ஆட்டத்தை நடத்தும் உரிமை இருந்தது, கீழே முடித்தவர்கள் வந்து ஜெயித்துப் போனார்கள். வெளியூர் வெற்றிக்கு மதிப்பு வருவதே அப்படி ஒரு நேர்மையான கணக்கு இருக்கும்போதுதான். 2018-இல் எங்கள் அணி காட்டிய வீரம், காட்டவே தேவைப்பட்டிருக்கக் கூடாத வீரம்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன்.

அதே 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஷீட் அந்தக் கோலை அடிப்பதற்கு ஐந்து மாதம் முன்பு, விக்டோரியா அரசோடும் எம்.சி.ஜி. நிர்வாகத்தோடும் நீங்கள் ஓர் ஏற்பாட்டை அறிவித்தீர்கள். 2037 வரை இருந்த ஒப்பந்தம் 2057 வரை நீண்டது. பதிலுக்கு, மெல்பர்னில் உங்களுக்குச் சொந்தமான டாக்லண்ட்ஸ் மைதானத்தைப் புதுப்பிக்க மட்டும் 225 மில்லியன் டாலர் அரசுப் பணம் கிடைத்தது. பிறகு கொரோனா காலத்தில் இரண்டு வருடம் ஆட்டம் வெளியே போனதற்கு ஈடாக 2059 வரை நீட்டினீர்கள். இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் தலை நரைக்கும் வரை இந்த ஏற்பாடு ஓடும். அந்தப் பிள்ளைகளில் பெர்த்திலும் அடிலெய்டிலும் பிரிஸ்பேனிலும் சிட்னியிலும் இருப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 18 கிளப்புகளில் எட்டு விக்டோரியாவுக்கு வெளியே இருக்கின்றன. டாஸ்மேனியாவும் வந்துவிட்டால் ஒன்பது.

1987-இல் வெஸ்ட் கோஸ்ட்டும் பிரிஸ்பேனும் அப்போதைய விக்டோரியன் ஃபுட்பால் லீகில் சேர்ந்தபோது தலா நான்கு மில்லியன் டாலர் உரிமக் கட்டணம் கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள். அந்தக் காலத்தில் மெல்பர்ன் கிளப்புகள் பல கடனில் மூழ்கிக்கொண்டிருந்தன என்பதும், அந்தப் பணம் அவற்றைக் காப்பாற்ற உதவியது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. 1990-இல் பெயரை ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக் என்று மாற்றினீர்கள். பெயர் தேசியமானது. கடைசி ஆட்டம் மட்டும் பழைய லீகிலேயே தங்கிவிட்டது.

நீங்கள் மாற்றவே மாட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தில் கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய வாரமும் எம்.சி.ஜி.யில் ஓர் ஆட்டம் கட்டாயம் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தது. 2004-இல் அதனால்தான் இரண்டாமிடம் பிடித்த பிரிஸ்பேன், தன் ஊரில் நடத்தியிருக்க வேண்டிய ஆட்டத்தை மெல்பர்னுக்கு வந்து ஜீலாங்குக்கு எதிராக ஆடியது. 9 புள்ளியில் வென்று தப்பித்தார்கள். அடுத்த வாரம் களைப்போடு கிராண்ட் ஃபைனலில் போர்ட் அடிலெய்டிடம் தோற்றார்கள். நாடு முழுக்கப் பேசினார்கள். பிறகு நீங்கள் எம்.சி.ஜி.காரர்களோடு உட்கார்ந்து பேசி அந்த விதியைத் தளர்த்தினீர்கள். அன்று யாராவது "பிரிஸ்பேன்தான் எப்படியும் ஜெயித்துவிட்டதே" என்று சொல்லியிருந்தால் அந்த அநியாயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் 2020. கொரோனாவால் கிராண்ட் ஃபைனல் முதன்முறையாக விக்டோரியாவை விட்டு வெளியேறி பிரிஸ்பேனின் காப்பா மைதானத்தில், இரவு நேரத்தில் நடந்தது. ரிச்மண்ட், ஜீலாங்கை வென்றது. 2021-இல் எங்கள் பெர்த்துக்கு வந்தது. மெல்பர்னுக்கும் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கும் நடந்த ஆட்டத்தை 61,118 பேர் பார்த்தார்கள். இரண்டுமே எங்கள் அணி இல்லை. ஆனாலும் மைதானம் நிரம்பி வழிந்தது. மெல்பர்ன் அணி 1964-க்குப் பிறகு முதல் கோப்பையை எங்கள் ஊரில், எங்கள் மக்களின் கைதட்டலில் வாங்கியது. தங்கள் ஊர் ஊரடங்கில் இருந்ததால் அதன் ரசிகர்களால் வர முடியவில்லை என்பது பெரிய வருத்தம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேற்கிலிருந்து பல ரசிகர்களுக்கு ஒவ்வொரு கிராண்ட் ஃபைனலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அணி தகுதி பெற்ற மறு மணி நேரமே விமானச் சீட்டு தீர்ந்துபோகும், இருப்பதன் விலை எங்கேயோ போய்விடும். நல்லார்பர் சமவெளியைக் காரில் கடந்து, 3,400 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்தாலும், எம்.சி.ஜி.யின் இருக்கைகளில் பெரும் பகுதி மைதான உறுப்பினர்களுக்கும் ஏ.எஃப்.எல். உறுப்பினர்களுக்கும் நிறுவனங்களுக்கும் போக, ஆடும் இரண்டு கிளப்புக்கும் சேர்த்து வருவது பாதிக்கும் குறைவு.

உங்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எம்.சி.ஜி.யில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். பெர்த்தில் 60,000. அந்த 40,000 இருக்கையும் பணம், அந்தப் பணம் சின்ன கிளப்புகளுக்கும் ஊர்ப்புற ஃபுட்டிக்கும் போகிறது. எம்.சி.ஜி.க்கென்று ஒரு மரபும் உண்டு. கிரிக்கெட் பார்க்கும் எந்தத் தமிழனுக்கும் அந்த மைதானத்தின் பெயர் தெரியும். முதல்முறை உள்ளே நுழைந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பணமும் மரபும்தான் காரணம் என்றால் அதையே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதோடு வாதாடலாம், சிலவற்றை விட்டும் கொடுக்கலாம். ஆனால் "வெளியூர் அணிகளுக்கு இதனால் பாதிப்பு இல்லை, 2018-ஐப் பாருங்கள்" என்று சொல்லும்போது மக்கவர்னின் விலாவையும் ஷீட்டின் உதையையும் உங்கள் ஒப்பந்தத்துக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்கொள்கிறீர்கள். அதற்காக அவர்கள் ஆடவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

ஒப்பந்தத்தை நாளைக்கே கிழித்துப்போடச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஆனால் 2020-லும் 2021-லும் எம்.சி.ஜி.காரர்களோடு பேசி ஆட்டத்தை வெளியே கொண்டுபோக வழி கண்டீர்கள், வருடத்தை நீட்டி ஈடு கட்டினீர்கள். அதே வழி மறுபடியும் திறந்திருக்கிறது. இரண்டு அணியும் விக்டோரியாவுக்கு வெளியிலிருந்து வரும் வருடங்களிலாவது தொடங்கலாம். 2004, 2005, 2006 என்று மூன்று வருடம் தொடர்ந்து அப்படி நடந்தது, 2024-இல் சிட்னியும் பிரிஸ்பேனும் மோதியபோதும் நடந்தது. 2006-இல் பெர்த்தும் சிட்னியும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடித்த ஆட்டத்தை, இருவருக்குமே ஊர் அல்லாத மெல்பர்னில் நடத்தினோம். இந்த மாதிரி ஒரு வருடத்தில் மேலே முடித்த அணியின் ஊரில் நடத்த அனுமதி கேட்டு, அந்த ஒரு வருடத்தை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துக்கொடுங்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பகுதி இதைத் தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் ரசிகர்களுக்கு உரிமை உண்டு. அதனால் அதன் நிபந்தனைகளைப் பொதுவில் வையுங்கள்.

இன்னொன்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆட்ட அட்டவணையைப் போடுவது நீங்கள். கிராண்ட் ஃபைனல் அங்கேதான் என்று 2059 வரை முடிவு செய்துவிட்டபடியால், வெளி மாநில அணிகள் ஒவ்வொன்றுக்கும் பருவத்துக்குள் எம்.சி.ஜி.யில் போதுமான ஆட்டங்களைக் கொடுங்கள். இப்போது சில அணிகளுக்குச் சில வருடங்களில் கிடைப்பது ஒன்றோ இரண்டோதான், அதே நேரம் அங்கே குடியிருக்கும் அணிகள் வாரம் தவறாமல் அந்தப் புல்லில் ஓடுகின்றன. 2018-இல் நாங்கள் ஜூலையிலேயே அங்கே போய் இதே காலிங்வுட்டை வென்றிருந்தோம். அந்த அகலம், அந்தச் சத்தம், பந்து அங்கே எழும்பும் விதம் எல்லாம் எங்கள் பையன்களுக்கு இரண்டு மாதம் முன்பே பழகியிருந்தது. நைட்டனூயியின் முழங்காலைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. செப்டம்பரில் அது உதவியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வாய்ப்பு ஃப்ரீமேன்டிலுக்கும் அடிலெய்டுக்கும் கோல்ட் கோஸ்ட்டுக்கும் வருடாவருடம் கிடைக்க வேண்டும். ஆளுக்கு நான்கு ஆட்டம் என்று வைத்தால்கூட அது பெரிய மாற்றம். மெல்பர்ன் கிளப்புகள் தங்கள் சொந்த ஆட்டங்களை டாக்லண்ட்ஸில் வைத்து வெளியூர் அணிகளை அங்கே அழைப்பதைக் கொஞ்சம் மாற்றினால் போதும், புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்த பருவத்தின் அட்டவணை இன்னும் வெளிவரவில்லை என்றால், முதலில் இதைச் செய்யுங்கள். ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கு உங்கள் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

மரியாதையுடன்,
பெர்த்திலிருந்து ஓர் ஈகிள்ஸ் ரசிகன்